ஏழாம் நம்பர் துணி

சண்முகசுந்தரம் முதலில் சந்தேகப்பட்டது தன் மூக்கைத்தான்.

இருங்காட்டுக்கோட்டையில் காருக்கு உதிரிபாகம் கடைகிற தொழிற்சாலை ஒன்றில் அவன் ஏழாம் நம்பர் மெஷின் ஆபரேட்டர். மெஷின் இரும்பைக் கடையும்போது சூடு தணிவதற்காக அதன் மேல் கூலண்ட் கொட்டிக்கொண்டே இருக்கும். எண்ணெயும் தண்ணீரும் கலந்த வெள்ளைத் திரவம். பார்வைக்கு அசல் தேங்காய்ப்பால். ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாமல் கிடந்தால் தொட்டிக்குள் அது அழுகிவிடும். திங்கள் காலை ஆறரைக்கு ஸ்விட்சைப் போட்டதும் ஒரு வாடை கிளம்பும் பாருங்கள், கூமுட்டையை உடைத்து மண்ணெண்ணெயில் கரைத்த மாதிரி. நாளெல்லாம் அதில் நிற்கிறவனுக்கு எதைத் தின்றாலும் அப்படித்தான் நாறும் என்று அவன் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டான்.

ஆனால் கேன்டீன் சாம்பார் நாறவில்லை. பஸ் நிற்கிற இடத்து டீ நாறவில்லை. அவன் குடியிருக்கும் பென்னலூர் அறையில் பொங்குகிற சோறும் குழம்பும் மட்டுமே நாறின. எதையும் ஒழுங்காகப் பார்த்துத்தான் முடிவுக்கு வருவான் சண்முகசுந்தரம். இரண்டு வாரம் சோதித்தான். ரசத்தில் இருந்தது. புளிக்குழம்பில் கூடுதலாக இருந்தது. சோற்றுப் பானையைத் திறந்ததும் ஆவியோடு முதலில் வந்து முகத்தில் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை வைக்கிற தேங்காய்ப்பால் சொதியில்தான் உச்சம். ஆகவே மூக்கு நிரபராதி, குற்றம் சமையலில் என்று தீர்ப்பாயிற்று.

சமைப்பவன் முப்பிடாதி. அறையில் மொத்தம் நான்கு பேர். திருநெல்வேலியில் ஐ.டி.ஐ. படித்த நாளிலிருந்து ஒன்றாகச் சுற்றுகிறவர்கள்; ஒன்பது வருஷம் ஆகிறது, ஒன்றாக உலை வைத்து ஏழு. மாசானம் வேறொரு கம்பெனியில் பெயின்ட் அடிக்கிறான். அந்தோணிராஜ் கார்க் கதவுக்கான ரப்பர் பீடிங் வெட்டுகிறான். முப்பிடாதிக்கு இரும்புத் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப். மூன்று பேரும் இன்னும் கான்ட்ராக்ட்தான். சண்முகசுந்தரம் மட்டும் அந்த வருஷம், 2003 பொங்கலுக்கு முன்னால், பெர்மனென்ட் ஆகியிருந்தான். பெயின்ட் தின்னரிலும் ரப்பர் புகையிலும் கிடந்து செத்துப்போன மூக்குகள் மாசானத்துக்கும் அந்தோணிராஜுக்கும். முப்பிடாதிக்குப் பிறவியிலேயே மூக்கு மந்தம். கைப்பதமும் நாக்குருசியும்தான் அவனுக்குக் கணக்கு. அதனால் நாற்றம் சண்முகசுந்தரத்துக்கு மட்டும் சொந்தமானதாக இருந்தது.

ஒரு நாற்றம் பிடிபட்டுவிட்டால் கண்ணும் சும்மா இருக்காது. இத்தனை வருஷம் பார்த்தும் பாராமல் விட்டதெல்லாம் இப்போது எழுந்து நின்று தன்னைக் காட்டிக்கொண்டது. வெங்காயம் நறுக்குகிற மாசானம் நடுவில் கால் விரலிடுக்கைச் சொறிந்துவிட்டு அதே கையால் வெங்காயத்தை அள்ளினான். அந்தோணிராஜின் பல் பிரஷ் கரண்டிகளோடு ஒரே குவளையில் நின்றது. பானையின் நசுங்கல்களில் போன மாதத்துக் குழம்பு கருப்பாகக் காய்ந்திருந்தது. குக்கர் ரப்பரைத் தூக்கிப் பார்த்தான். அடியில் வழுவழுவென்று என்னவோ ஒட்டியிருந்தது. விரலில் பட்டதை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் அன்று முழுக்க அந்த விரலை மடக்கியே வைத்திருந்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே முப்பிடாதியின் கரண்டி. உப்புப் பார்ப்பதென்றால் எல்லாரும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொள்வார்கள். முப்பிடாதி அப்படியில்லை. கொதிக்கிற குழம்பில் கரண்டியை முக்கி எடுத்து, ஊதி, உதட்டில் வைத்து, உர்ர்ரென்று உறிஞ்சி, அடியில் ஒட்டியதையும் நக்கிவிட்டு, மீண்டும் அதே கரண்டியால் குழம்பைக் கிண்டுவான். அவன் மீசையில் ஒட்டிய ஒரு சொட்டு எப்போதும் திரும்பிப் பானைக்குள்ளேதான் விழும். ஏழு வருஷம் அதைத்தான் தின்றிருக்கிறோம் என்று சண்முகசுந்தரம் கணக்குப் போட்டுப் பார்த்தான்.

சுத்தத்தில் அவன் ஆரம்பத்திலிருந்தே கறார்தான். பொங்கல் கழிந்த புதிதில் முப்பிடாதி தன் பழைய கைலியைக் கிழித்து அதில் தேங்காய்ப்பால் பிழிந்தபோது அவன்தான் சத்தம் போட்டான். சும்மா சத்தம் போட்டதோடு விடவில்லை. கம்பெனி ஸ்டோர்ஸில் கேட்டு, மெஷின் துடைக்கத் தருகிற பனியன் துணியில் வெள்ளை வெளேரென்று ஆறு துண்டு வாங்கி வந்தான். புதுத் துணி, கம்பெனித் துணி, இனிமேல் இதில் பிழியுங்கள் என்று மடித்துக் கொடுத்தான். அன்றிலிருந்து புளி வடிகட்டுவதும் சோற்றுப் பானையை மூடுவதும் தேங்காய்ப்பால் பிழிவதும் அந்தத் துணிகளில்தான். சண்முகத்தாலதான் அடுக்களைக்கு லட்சணம் வந்தது என்று முப்பிடாதியே ஒருமுறை வீட்டுக்கார அம்மா ஞானம்மாவிடம் சொல்லியிருந்தான்.

மே மாதத்து இரண்டாம் ஞாயிறு. ஞானம்மா வீட்டு மிக்ஸியில் இரண்டு தேங்காய் அரைத்து, மூன்று பாலாகப் பிழிந்து, மூன்றாம் பாலில் காயும் பாசிப்பருப்பும் வெந்து, முப்பிடாதி முதல் பாலை ஊற்றி இறக்கப்போகிற நேரம். நெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குப் போடுகிற சாப்பாடு சொதி. கல்யாணம் ஆகாத நான்கு பேர் வாராவாரம் மாப்பிள்ளை ஆவது அந்த அறையின் பழைய வேடிக்கை. இஞ்சித் துவையல் தயார். அப்பளம் தயார். அந்தோணிராஜ் பூசைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்து தட்டுகளைப் பரப்பினான். முப்பிடாதி கரண்டியை முக்கினான், உறிஞ்சினான், நக்கினான், திரும்ப உள்ளே விட்டான்.

"ஏல, அந்தக் கரண்டிய வெளிய எடு" என்றான் சண்முகசுந்தரம்.

"ஏன்?"

"வாய்ல வச்சத அப்படியே உள்ள விடுதியே."

"ஏழு வருசமா உள்ளதான் விடுதேன். இன்னைக்குத்தான் ஒனக்குக் கண்ணு தெறந்துச்சாக்கும்."

மாசானம் அப்பளத்தைக் கடித்துக்கொண்டே, "பெர்மனென்ட் ஆயிட்டாம்லா. இனிமே அவனுக்குக் கம்பெனிலேர்ந்து பார்சல்ல சொதி வரும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். முப்பிடாதியும் சிரித்தபடியே சண்முகசுந்தரத்தின் தட்டில் சோற்றைப் போட்டு, முதல் கரண்டியை அவனுக்கே ஊற்றினான்.

சூட்டோடு சேர்ந்து அந்த வாடை எழும்பியது. வெள்ளையாகப் பரவிய சொதியின் ஓரத்தில் எண்ணெய் வட்டம் வட்டமாக மின்னியது, திங்கள்கிழமைத் தொட்டியில் மிதப்பதைப் போலவே. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் வைத்தான். நாக்கில் பட்டதும் கூமுட்டை உடைந்தது. அவனால் விழுங்க முடியவில்லை. தட்டின் மூலையிலேயே துப்பினான். வாயைத் துடைத்த கையோடு, யோசிக்காமல், அந்த வார்த்தையையும் துப்பினான்.

"எச்சக்கல பொங்குத சோறு நாறாம என்ன செய்யும்?"

எச்சில் படுகிறது என்றுதான் அவன் சொல்ல வந்தான். வாயில் வந்தது வசவு. அதுவும் முப்பிடாதியிடம் சொல்லவே கூடாத வசவு.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஐ.டி.ஐ. நாட்களில் மற்ற மூன்று பேரும் ஹாஸ்டல். முப்பிடாதி கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவன், மத்தியானச் சாப்பாட்டுக்கு வழி கிடையாது. ஹாஸ்டல் மெஸ்ஸில் வெளியாளுக்குத் தட்டுத் தரமாட்டார்கள். ஆனால் சாப்பிட்டு எழுந்தவன் தட்டில் மிச்சம் வைத்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. அதனால் மூன்று பேரும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டுக் கை கழுவப் போவார்கள். அந்த நேரத்தில் முப்பிடாதி வந்து உட்கார்ந்து மூன்று தட்டையும் வழித்துத் தின்பான். இரண்டு வருஷம் அப்படித்தான் போயிற்று. அதன் பிறகு நாலு பேருமாக உலை வைக்கத் தொடங்கியபோது, கரண்டியை யாரும் கேட்காமலேயே முப்பிடாதி எடுத்துக்கொண்டான். பழைய கதையை ஒருத்தரும் பேசியதில்லை. விளையாட்டுக்குக்கூட அந்த ஒரு வசவு மட்டும் அறைக்குள் வந்ததில்லை.

இப்போது வந்துவிட்டது. அந்தோணிராஜ் தட்டைப் பார்த்தபடி இருந்தான்.

முப்பிடாதி கோபப்படவில்லை. எட்டி சண்முகசுந்தரத்தின் தட்டைத் தன் பக்கம் இழுத்தான். துப்பியதையும் ஒதுக்காமல் பிசைந்தான். ஒவ்வொரு உருண்டையாக நிதானமாகத் தின்றான். தட்டை விரலால் வழித்தான்.

"வீணாக்கக் கூடாதுல்லா. எனக்குப் பழக்கம்தான" என்றான்.

சண்முகசுந்தரம் வெளியே ஓடிச் சாக்கடை ஓரத்தில் வாந்தி எடுத்தான். அந்த வாந்தியையும் முப்பிடாதி மேலுள்ள அருவருப்பாகவே உள்ளே எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பது குனிந்து நிற்கும்போதே அவனுக்குப் புரிந்தது.

மறுநாள் மாலை குழாயடியில் ஞானம்மா அவனைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாப்பா சம்முகம், ஊருக்குப் போறியா? முப்பிடாதி மூணு டம்ளர் அரிசிதான் கழுவிக்கினு போனான்."

ஆளுக்கு ஒன்றென்று இருந்த நாலு டம்ளர் மூன்றாகிவிட்டது. ஒருத்தரும் அவனை அறையை விட்டுப் போகச் சொல்லவில்லை. பாய் அதே இடத்தில் விரிந்தது, பேச்சும் தேவைக்கு இருந்தது. உலையில் மட்டும் அவன் இல்லை. ரோட்டோரக் கடையில் பரோட்டா தின்றுவிட்டு வந்து படுப்பான். மற்றவர்கள் தின்று முடித்த அறையில் அந்த வாடை தங்கியிருக்கும். அவர்கள் முகமும் அவ்வளவு சுகமாக இல்லை. முப்பிடாதி கரண்டியை வாயில் வைப்பதையே நிறுத்திவிட்டான். உப்பு ஒருநாள் கரித்தது, ஒருநாள் அடியோடு இல்லை. இன்னாரால்தான் இந்த வெஞ்சனத்தைத் தின்னவேண்டி வந்தது என்று மாசானம் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

மூன்றாவது வாரம் அந்தோணிராஜ் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சேதி சொன்னான். முப்பிடாதி ஒரகடத்தில் வேறு வேலை தேடிப் பிடித்திருக்கிறான், வருகிற ஞாயிறு அங்கேயே அறை மாறுகிறான். அவன் போனால் நாமும் ஆளுக்கொரு மூலைதான். நீ போய் ஒரு வார்த்தை பேசு. சண்முகசுந்தரம் பேசத்தான் நினைத்தான். என்னவென்று பேசுவது? நாற்றம் பொய்யில்லையே. வார்த்தை தப்பு, நாற்றம் நிஜம் என்று ஒருத்தன் எப்படி மன்னிப்புக் கேட்பது? வேண்டுமானால் மூக்கைப் பொத்திக்கொண்டு தின்றுவிடலாம் என்றுகூட முடிவு செய்தான். ஆனால் அன்றும் கால் பரோட்டாக் கடைக்குத்தான் போயிற்று.

அந்தச் சனிக்கிழமை காலை மெஷின் ஷாப்பில் புதுத் துணி மூட்டையைப் பிரித்தார்கள். சண்முகசுந்தரம் கையை விட்டு ஒன்றை உருவினான். வெள்ளைத் துணி. மூலையில் மங்கலாக ஒரு எழுத்து. வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தான். எழுத்தில்லை, எண். ஏழு. நடுவில் சின்னக் கோடு போட்ட ஏழு.

அப்படிக் கோடு போட்டு ஏழு எழுதுகிறவன் அந்த ஷாப்பில் சண்முகசுந்தரம் ஒருத்தன்தான். தன் துணியை மற்றவர்கள் எடுத்துவிடக் கூடாது என்று மார்க்கர் பேனாவால் நம்பர் போட்டு வைப்பது அவனுடைய ஏற்பாடு. அந்தத் துணியை அவன் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ கூலண்ட் தொட்டி அடியைத் துடைத்துவிட்டுக் குப்பைப் பீப்பாயில் எறிந்திருக்கவேண்டும். புது மூட்டைக்குள் அது எப்படி வந்தது?

ஸ்டோர்ஸ் ரகுபதி உள்ளூர்க்காரர். கேட்டதும் சிரித்தார்.

"புதுத் துணி எவன்பா குடுக்கிறான்? அல்லாம் வாஷிங் போயிட்டு வர்றதுதான். மெஷினு தொடைச்சது, ஃப்ளோரு தொடைச்சது, பாத்ரூமு தொடைச்சது, ஒரே மூட்டைல போயி ஒரே மூட்டைல வருது. வெள்ளையா கீதுன்னு நீ பாட்டுக்கு மூஞ்சி கீஞ்சி தொடைச்சிக்கினியா?"

"இல்லண்ணே" என்றான் சண்முகசுந்தரம்.

அன்று ஓட்டிய பீஸில் இரண்டு ரிஜெக்ட். கண் முன்னால் சோற்றுப் பானை மேல் விரித்த வெள்ளைத் துணி நின்றது. ஆவியில் அது நனைந்து, சொட்டி, சோற்றில் இறங்கியது. நான்கு மாதம். தரை, தொட்டி, கக்கூஸ். ஏதோ மில்லில் சோடாவில் போட்டு அவித்து வெளுத்திருப்பார்கள். நூலுக்குள் ஊறியதை யார் அவித்து எடுப்பது? சூடு பட்டால் அது வெளியே வரத்தானே செய்யும். கைலியாக இருந்தாலும் முப்பிடாதியுடையது சுத்தமான கைலி.

கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு வழியை யோசித்தான். ஒன்று, துணிகளைச் சத்தமில்லாமல் எடுத்து எரித்துவிடுவது. வாடை போய்விடும், எப்படிப் போயிற்று என்று ஒருத்தருக்கும் தெரியாது. முப்பிடாதியும் நாளைக்கு எச்சக்கலையாகவே ஒரகடம் போவான். இரண்டாவது, சொல்வது. சொன்னால், எச்சில் என்று காறித் துப்பியவன்தான் நாலு மாதமாக எல்லாருக்கும் கக்கூஸ் துணியைப் பிழிந்து கொடுத்தவன் என்று ஆகும். மூன்று பேரும் இனி அவன் தொட்டதைத் தொடுவார்களா? பென்னலூரில் இறங்கும்வரைகூட அவனால் முடிவு செய்ய முடியவில்லை.

அறை வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே மூன்று பேரும் இருந்தார்கள். மூலையில் முப்பிடாதியின் பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்தது. கடைசிச் சொதி போலும். முப்பிடாதி துருவி அரைத்த தேங்காயைத் துணியில் மூட்டை கட்டி, முறுக்கி, கிண்ணத்தில் பிழிந்துகொண்டிருந்தான். விரலிடுக்கில் வெள்ளையாக வழிந்தது.

சண்முகசுந்தரத்துக்கு யோசிக்க நேரம் இல்லாமல் போயிற்று.

"பிழியாத" என்றான்.

முப்பிடாதி நிமிரவில்லை. "ஒனக்கு இதுல பங்கு இல்ல. நீ எதுக்குப் பதறுத?"

சண்முகசுந்தரம் பையிலிருந்து காலையில் எடுத்த துணியை எடுத்துத் தரையில் விரித்தான். மூலையில் இருந்த ஏழாம் எண்ணைக் காட்டினான். ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னான்: மூட்டையைப் பிரித்தது, ரகுபதி சொன்னது, தரை, தொட்டி, பாத்ரூம், தான் பொங்கல் கழிந்து கொண்டுவந்த ஆறு துண்டு. "நாத்தம் ஒன் கரண்டில இல்லல. நான் கொண்டாந்த துணில" என்று முடித்தான்.

மாசானம் எழுந்து வெளியே போனான். சாக்கடைப் பக்கமிருந்து ஓங்கரிக்கிற சத்தம் வந்தது. அந்தோணிராஜ் தன் நாக்கைச் சட்டை நுனியால் தேய்த்தான். முப்பிடாதி கிண்ணத்தில் இருந்த பாலைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். இடுக்கியால் துணி மூட்டையை அப்படியே தூக்கி வாசலுக்குக் கொண்டுபோனான். கொடியில் காய்ந்த மற்ற ஐந்தையும் சேர்த்து, ஸ்டவ்விலிருந்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினான். தேங்காய்ப்பூ கருகுகிற வாசனையும் அந்தப் பழைய வாடையும் சேர்ந்து எழும்ப, ஞானம்மா ஜன்னலைச் சாத்தினாள்.

திரும்பி வந்து கேட்டான். "எத்தன மாசம்?"

"நாலு."

"என் எச்சி எத்தன வருசம்?"

"ஏழு."

"ரெண்டுல எதத் தின்னு ஒனக்குச் சீக்கு வந்துச்சு?"

வாசலிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்த மாசானம், "எனக்கு இப்பத்தாம்ல வந்துருக்கு, சவத்துப்பயலே" என்றான். அந்தோணிராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பிடாதி சிரிக்கவில்லை.

ஒரு தேங்காய் மிச்சம் இருந்தது. பாத்திரம் எல்லாவற்றையும் சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள். துருவி, அரைத்து, டீ வடிகட்டியில் அழுத்திப் பால் எடுத்தார்கள். முப்பிடாதி மூன்று தட்டு வைத்தான். புதிதாக வைத்த சோறும் மூன்று பேருக்குத்தான் வெந்திருந்தது. சண்முகசுந்தரம் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். வாடை இல்லை. நான்கு மாதத்துக்குப் பிறகு அந்த அறையில் தேங்காயும் பச்சை மிளகாயும் எலுமிச்சையும் மட்டும் மணத்தன. பசித்தது. எழுந்து பரோட்டாக் கடைக்குப் போகவும் முடியவில்லை.

முப்பிடாதி தலை குனிந்து தின்றான். மூன்றில் இரண்டு பங்கு ஆனதும் நிறுத்தினான். மிச்சத்தை ஓரமாக ஒதுக்கித் தட்டை சண்முகசுந்தரத்தின் முன்னால் தள்ளினான். கை கழுவ எழுந்து போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

தட்டில் விரல் பிசைந்த தடம் அப்படியே இருந்தது. விளிம்பில் மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை. சோற்றுக்கு நடுவே சப்பிய கறிவேப்பிலை ஒன்று, ஈரமாக. மீசைச் சொட்டு எங்கே விழுந்திருக்கும் என்று கண் தானாகத் தேடியது. துணி எரிந்தும் சண்முகசுந்தரத்துக்கு அந்த அருவருப்பு மாறவில்லை. தட்டை இழுத்தான். ஒரு உருண்டையை உள்ளே தள்ளினான். தண்ணீர் குடிக்காமல் விழுங்கினான். கண்ணில் நீர் முட்டியது. அடுத்த உருண்டை. கறிவேப்பிலையையும் ஒதுக்கவில்லை. கடைசியில் ஹாஸ்டல் தட்டை முப்பிடாதி வழித்த மாதிரியே விரலால் வழித்தான்.

"உப்பு எப்படி?" என்றான் முப்பிடாதி.

சண்முகசுந்தரம் நாக்கைச் சுழற்றிப் பார்த்தான். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"கம்மி."

முப்பிடாதி எட்டிக் கரண்டியை எடுத்தான். பானையில் முக்கி, ஊதி, உர்ர்ரென்று உறிஞ்சி, அடியை நக்கினான். அவனையே பார்த்தபடி அதைத் திரும்பப் பானைக்குள் விட்டுக் கிண்டினான்.

"ஆமா, கம்மிதான்" என்றான். "அந்தோணி, அரிசி டப்பாவ எடு. இவனுக்கு ஒரு டம்ளர் போடு."